அளவறியாப் பாடம்: பாடசாலை நூல்களில் உணவும் உடற்பயிற்சியும்

பாடசாலையிற் கற்பிக்கப்படும் நூல்களுள் சுகாதார நூலுக்கெனத் தனியியல்பு ஒன்று உண்டு. வரலாற்று நூலைக் கற்ற மாணாக்கன் அதன்வழி ஒழுக வேண்டுவதில்லை. சங்கிலி மன்னன் வரலாற்றைப் படித்தவன் அரசாள வேண்டுமென எவரும் எதிர்பாரார். கேத்திரகணிதத் தேற்றமொன்றை நிறுவியவன் வீடு சென்று முக்கோணம் வரையவும் வேண்டியதில்லை. சுகாதார நூலோ அத்தகையதன்று. காலையிற் கற்ற பாடம் அன்று மதியமே சோற்றுக் கோப்பையாக முன்வந்து நிற்கின்றது. மாலையில் விளையாட்டு முற்றமாகவோ, விளையாட்டில்லாத தனியார் வகுப்பு வாங்காகவோ உருவெடுக்கின்றது. ஆதலின் இந்நூலை மதிப்பிடுமிடத்து, அதிற் சொல்லியவை உண்மையா என்று வினவினால் மட்டும் போதாது. சொல்லியவற்றைக் கொண்டு ஒரு பிள்ளை தன் உணவையும் உடலையும் பற்றி ஏதேனும் ஒன்றைத் தீர்மானிக்க இயலுமா என்றும் வினவுதல் வேண்டும்.

இக்கட்டுரை, ஆறாந் தரம் முதலாகப் பதினோராந் தரம் ஈறாக வழங்கிவரும் "சுகாதாரமும் உடற்கல்வியும்" என்னும் பாடத்தில் போசணையும் உடலியக்கமும் பேசப்படும் பகுதிகளை இந்நோக்கிலே ஆராய முற்படுகின்றது.

தமிழில் இத்துறை நேற்றுப் பிறந்ததன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் புரிந்தும் கற்பித்தும் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர், கல்வின் கட்டர் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய நூலொன்றைத் தமிழாக்கி 1850களில் வெளியிட்டார். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்று பொருளை அந்நூல் கூறும். உடலின் உறுப்பமைப்பு அங்காதிபாதம். அவ்வுறுப்புகளின் தொழில் சுகரணவாதம். அவற்றைப் பேணும் முறை உற்பாலனம். மூலநூல் தன்னாட்டிற் கல்லூரிகளுக்கும் குடும்பங்களுக்குமென எழுதப்பட்டது. இங்கோ அது வைத்தியம் பயில்வோர் கைந்நூலாயிற்று. உறுப்பு இன்னது, அதன் தொழில் இன்னது, ஆதலால் அதனை இவ்வாறு பேணுக என்று அதன் ஒழுங்கு செல்கின்றது. காரணம் முன்னும் விதி பின்னுமாக வருகின்றன. உற்பாலனம் என்ற சொல் இன்று வழக்கிறந்து, அதனிடத்தைச் சுகாதாரம் பெற்றுக்கொண்டது. சொல் மாறியதால் நட்டமொன்றுமில்லை. அவ்வொழுங்கு தளர்ந்ததே நட்டம்.

அதே நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் நான்காம் பாலபாடத்திற் கள்ளுண்ணலையும் புலாலுண்ணலையும் கடிந்து எழுதினார். அவர் அவற்றை முதன்மையாக அறத்தின் பெயராலேயே கடிந்தார். படிப்பவனும் தான் நீதி கேட்பதாக அறிந்தே கேட்டான். நீதிக்கு விஞ்ஞானத்தின் உடையைப் போர்த்துவது வேறொரு வழக்கம். அதற்குக் கட்டரின் நாட்டிலேயே தெளிவான உதாரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மேரி ஹண்ட் அம்மையாரின் முயற்சியால், மகளிர் கிறித்தவ மதுவிலக்குச் சங்கத்தினர் பாடசாலைகளில் மதுவின் தீமையை உடற்றொழிலியற் பாடத்தின் பகுதியாகக் கற்பிக்கவேண்டும் என்னும் சட்டங்களை மாநிலந்தோறும் இயற்றுவித்தனர். 1901 அளவில் அந்நாடு முழுவதிலும் அத்தகைய சட்டம் பரந்துவிட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் அந்நோக்கத்திற்காக எழுதப்பட்ட பாடநூல்களில் மிகையுரை மலிந்தது. 1893இல் அமைந்த ஐம்பதின்மர் குழு என்னும் அறிஞர் குழு அந்நூல்களை ஆராய்ந்து, பிள்ளைகளுக்கு உண்மை கற்பிக்கப்படவில்லையென 1903இற் கண்டித்தது.

இதனை ஈண்டு நினைவூட்டக் காரணமுண்டு. இன்று மதுவின் இடத்திலே துரித உணவு வந்து அமர்ந்திருக்கின்றது. "தவிர்க்க", "குறைக்க", "விலக்குக" என்னும் ஏவல்கள் நம் நூல்களிலும் வகுப்பறைச் சுவரொட்டிகளிலும் நிறைந்துள. எதனை, எவ்வளவு, எக்காரணத்தால் என்னும் மூன்றும் அவற்றுடன் அதே செறிவிற் கூடி வருவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏவல் புதியதன்று. வீட்டில் நாள்முழுதும் கேட்பது அதுவே.

குறை கூறுமுன் நிறையையும் கூறுதல் நேர்மை. 1980ஆம் ஆண்டு தொடக்கம் பாடநூல்கள் இந்நாட்டிற் பிள்ளைகளுக்கு விலையின்றி வழங்கப்பட்டு வந்துள்ளன. இலவச நூல் ஒன்று செல்லாத வீடு அரிது. வேறெந்த நூலும் இல்லாத வீட்டிலும் அது கிடக்கும். அதனைப் பிள்ளை மாத்திரமன்றித் தாயும் புரட்டிப் பார்க்கின்றாள். மேலும், சுகாதாரத்தையும் உடற்கல்வியையும் ஒரே பாடமாக இணைத்த கருத்துப் பாராட்டத்தக்கது. உண்பதும் ஓடுவதும் ஓருடலின் செயல்கள் என்பதை அத்தலைப்பிலுள்ள இரு உம்மைகளும் அறிவிக்கின்றன. எனினும் நூலினுள்ளே அவ்வும்மைகள் செய்யவேண்டிய தொழிலைச் செய்கின்றனவா என்பதே வினா.

முதலிற் போசணைப் பகுதியை நோக்குவாம். காபோவைதரேற்று, புரதம், இலிப்பிட்டு, விற்றமின், கனியுப்பு எனப் போசணைக் கூறுகள் வகுக்கப்படுகின்றன. அவை எவ்வுணவிலுள, குறைந்தால் வரும் நோய் யாது என்பன பட்டியலாக அமைகின்றன. பட்டியல் பிழையன்று. ஆயின் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: இப்பகுதியை நன்கு கற்ற மாணாக்கன் ஒருவனிடம் விற்றமின் ஏ குறைந்தால் வரும் நோய் யாது என வினவினால் மாலைக்கண் என உடனே விடையிறுப்பான். உன் வீட்டு மதிய உணவில் அது எதிலே இருந்தது என வினவினாற் சிறிது தயங்குவான். போதிய அளவில் இருந்ததா என்றால் மேசையை நோக்குவான். அவன் கற்றது சொற்றொகுதி. திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம் பெரும்பகுதியும் மருந்தைப் பற்றிப் பேசாது, முன் உண்டது அற்றதையறிந்து அளவோடு உண்ணுதலையே பேசுகின்றது. அளவே அவ்வதிகாரத்தின் உயிர். நம் பட்டியலில் இல்லாததும் அதுவே.

பட்டியலுக்கு வேறொரு குறையும் உண்டு. அது உணவைத் தனித்தனிப் பொருளாகக் காட்டுகின்றது. பிள்ளையோ கலந்ததையே உண்கின்றான். சக்தி தருவன, வளர்ச்சி தருவன, பாதுகாப்பளிப்பன என்னும் மூன்று கூடையில் ஒடியற்கூழை எக்கூடையில் இடுவது? ஒடியல் மா முதற்கூடை. மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் வெவ்வேறு கூடை. கூழ் முழுவதும் ஒரு சட்டி. கலத்தல் என்பது நாவின் சுவைக்காக மாத்திரம் நிகழ்வதன்று. போசணை நூலின் உயிர்நிலையே அங்குள்ளது. அரிசிப் புரதத்தில் இலைசின் என்னும் அமினோவமிலம் குறைவு. உழுந்து, பயறு, கௌபி போன்றவற்றிலோ மெதியோனின் குறைவு. இரண்டும் சேருமிடத்து ஒன்றன் குறையை மற்றது ஈடுசெய்கின்றது. தோசையும் பயற்றம்புக்கையும் அவ்வாறு அமைந்தவை. மீனும் முட்டையும் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இவ்வுண்மை ஒரு பட்டியல் முழுவதிலும் பெறுமதி வாய்ந்தது.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. பெண்பிள்ளைகளிற் குருதிச்சோகை பற்றி எழுதுமிடத்து இரும்புச்சத்து நிறைந்த உணவுகளின் பெயர்களைக் கூறுதல் வழக்கம். முருங்கையிலையும் ஏனைய கீரைகளும் அவற்றுள் அடங்கும். கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. விற்றமின் சீ உடன் சேர்ந்தால் உறிஞ்சல் கூடுகின்றது. தேநீரிலுள்ள பொலிபீனோல் வகைப் பொருள்கள் சேர்ந்தாற் குறைகின்றது. நம் வீடுகளிற் கீரைக்கறியை அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிப்புளி விடுவர், கொதிக்கும்போது விடுவதில்லை. விற்றமின் சீ வெப்பத்தால் அழிவது என்பதை அறிந்த ஒருவர், அவ்வழக்கம் எவ்வளவு பொருத்தமானது என வியப்பார். அதே வீட்டில் உண்டு கையலம்பியவுடன் சாயத்தேநீர் வருகின்றது. ஒரு கை கொடுத்ததை மறுகை பறிக்கின்றது. தேநீரை ஒரு மணித்தியாலம் பிற்போட்டால் அவ்விழப்புப் பெரிதும் குறையும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. முருங்கையிலை வறையிலே தேங்காய்ப்பூச் சேர்வதும் இத்தகையதே. இலையிலுள்ள கரற்றினை உடல் ஏற்பதற்குக் கொழுப்புத் துணை வேண்டும். இரும்பு நிறைந்த உணவுகளின் பெயர் பத்தை மனனம் செய்த பிள்ளைக்கு இம்மூன்று வாக்கியங்களும் கிட்டாவிடின், அப்பாடத்தின் பயன் யாது?

புழுங்கலரிசியின் கதை இவையெல்லாவற்றிலும் சிறந்தது. பெரிபெரி நோய்க்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பை யாவாத் தீவிற் கோழிகளை ஆராய்ந்து கண்ட எயிக்மன் 1929இல் நோபல் பரிசின் ஒரு பங்கைப் பெற்றார். அக்கண்டுபிடிப்பின் தொடர்ச்சியில் தமிழர்க்கும் ஓர் இடமுண்டு என்பதைப் பலர் அறியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடை அந்நோய் அரிதாயிருந்தது. இதனைக் கண்ட பிறடன் என்னும் வைத்தியர் அரிசியே காரணம் என 1907இல் நூலெழுதினார். அதே ஆண்டில், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஒரு பகுதியினருக்குச் சீயத்து வெள்ளரிசியும் மற்றப் பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்த பிளெச்சர் என்பாரின் ஆய்வும் வெளியாயிற்று. முன்னவரிடை நோய் பெருகியது, பின்னவரைத் தீண்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலுமுள்ள தயமின் நீரோடு உள்ளே ஊடுருவி அரிசியிற் படிகின்றது. பின்னர்த் தீட்டினும் முற்றாக நீங்குவதில்லை. மலாயாவிற்கு உத்தியோகம் பார்க்கச் சென்றோரின் பேரப்பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில், விற்றமின் பி1 குறைந்தாற் பெரிபெரி என்னும் ஒற்றை வரியோடு பாடம் முடிகின்றது! மாணாக்கன் வீட்டுமுற்றத்துப் பாயிலே காயும் புழுங்கல் நெல் விஞ்ஞான வரலாற்றின் ஒரு பக்கம் என்பது அவனுக்குத் தெரியாமற் போகின்றது.

இதுகாறும் அளவும் காரணமும் இல்லாமையால் வந்த குறையைக் கூறினோம். இனி, அளவு தரப்படுமிடத்து நிகழும் இடரை நோக்குவாம். உடற்றிணிவுச் சுட்டி என்பது, கிலோகிராமிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்துப் பெறுவது. வளர்ந்தோர்க்கு 18.5இற்குக் குறைந்தால் நிறைக்குறைவு. 25உம் அதற்கு மேலும் மிகைநிறை. ஆசிய மக்களிடை நீரிழிவு முதலியன இன்னும் குறைந்த சுட்டியிலேயே தோன்றுவதால் 23ஐயும் ஓர் எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளலாமென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் தெரிவித்தது. ஆசிரியர்கள் இதனைத் தம் பொருட்டும் நினைவிற் கொள்ளலாம்.

இவை வளர்ந்தோர்க்குரியன. வளரும் பிள்ளைக்கு வயதும் பாலும் அறியாது சுட்டியை மாத்திரம் கொண்டு யாதும் கூறவியலாது. 5 வயது முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அளவீடுகளை நோக்கின் இது விளங்கும். 12 வயதுச் சிறுவனின் நடுப்பெறுமானம் 17.5. 148 சென்ரிமீற்றர் உயரமும் 38 கிலோகிராம் நிறையும் உடைய ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். அவனது சுட்டி 17.3, அவன் வயதினர் அனைவருக்கும் நடுவில் நிற்பவன். வளர்ந்தோர் அட்டவணையோ அவனை மெலிந்தவன் என்னும். மறுபுறத்தில், 10 வயதுச் சிறுவனுக்கு மிகைநிறை தொடங்கும் எல்லை 18.5. வளர்ந்தோர்க்கு மெலிவின் எல்லையாகிய அதே எண்! 136 சென்ரிமீற்றரும் 36 கிலோகிராமும் உடைய பத்து வயதினன் 19.5 என்னும் சுட்டியோடு மிகைநிறைப் பிரிவில் நிற்க, வளர்ந்தோர் அட்டவணை அவனைச் சுகதேகி என வாழ்த்தும். ஆரோக்கியமானவன் அஞ்சுகின்றான், கவனிக்கப்பட வேண்டியவன் மகிழ்கின்றான்.

வயதுக்கேற்ற வரைபுகள் நூலில் இடம்பெறுமிடத்தும், மனத்திலே பதிவது எளிய வாய்பாடும் 18.5 என்னும் எண்ணுமே. வரைபை வாசிக்கப் பயிற்ற நேரம் வேண்டும். வாய்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். அதன்மேல் "வகுப்பிலுள்ளோரின் சுட்டியைக் கணித்து அட்டவணைப்படுத்துக" என்பது போன்ற செயற்பாடு வந்துவிட்டால், வகுப்பின் நடுவே தராசு வைக்கப்படுகின்றது. பருத்த பிள்ளைக்கும் மெலிந்த பிள்ளைக்கும் அன்று சூட்டப்படும் பெயர் பாடசாலையை விட்டு நீங்கும்வரை நீங்குவதில்லை. அளத்தல் வேண்டாமென யான் கூறவில்லை. தனியே, அளவின் பொருளறிந்த ஒருவர் முன்னிலையில் அளக்கவேண்டும். வகுப்பறைக் கணிதப் பயிற்சிக்குக் கற்பனைப் பிள்ளைகளின் அளவுகள் போதும்.

கணிதம் எங்கு வேண்டுமோ அங்கு அது இல்லை என்பதற்குக் குளிர்பானப் போத்தலே சான்று. 2016இல் இந்நாட்டில் இனிப்புப் பானங்களின் மீது சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது. அவ்விதிப்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமிற்கு மேற்படிற் சிவப்பு; 2 முதல் 11 வரை மஞ்சட் சாயல்; 2இற்குக் குறைந்தாற் பச்சை. நிறத்தை மாத்திரம் கற்ற பிள்ளை மஞ்சளைக் கண்டு நடுத்தரம் என அமைவான். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் உடைய பானமும் மஞ்சளே. 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றில் அது 40 கிராம்; ஏறத்தாழ 160 கிலோகலோரி. நாளுக்கு 2000 கிலோகலோரி உண்பவர்க்குச் சேர்க்கப்படும் சீனி 50 கிராமிற்குட்படல் வேண்டும் எனவும், அதிற் பாதியாயின் இன்னும் நன்று எனவும் உலக சுகாதார நிறுவனம் 2015இற் கூறிய எல்லைகளோடு ஒப்பிட்டால், மஞ்சட் போத்தல் ஒன்று நாளின் பங்கைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றது. ஏழாந்தரப் பிள்ளைக்கு இப்பெருக்கல் கடினமன்று. சிற்றுண்டிச்சாலையில் வாங்கும் எப்பொட்டலத்தின் பின்புறத்தையும் வாசிக்க இது ஒன்றே வழி.

இனி உடற்கல்விப் பகுதி. இங்கே நிலைமை தலைகீழாகின்றது. போசணையில் இல்லாத எண்கள் இங்கே மிகுந்துள. கரப்பந்தாட்டக் களம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது. வலைப்பந்தாட்டக் களம் 30.5 மீற்றரும் 15.25 மீற்றரும். வலையின் உயரம், அணியினர் தொகை, நடுவரின் சைகைகள் யாவும் பரீட்சைக்கு வருவன. களத்தின் அளவு தெரிகின்றது. களத்தில் நிற்கும் பிள்ளை எவ்வளவு நேரம் இயங்கவேண்டும் என்பது தெரிவதில்லை. 5 வயது முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் மிதமாகவோ கடுமையாகவோ உடலை இயக்கல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். வாரத்திற்கு 420 நிமிடம். இப்பாடத்திற்கு வாரத்தில் மூன்று பாடவேளை எனவும், அம்மூன்றும் முற்றத்திலேயே கழிவன எனவும் தாராளமாகக் கொண்டாலும், 40 நிமிடப்படி 120 நிமிடமே. அதிலும் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து. ஆடுவோர் பன்னிருவர், எஞ்சியோர் கோட்டருகே நின்று கைதட்டுவோர். பரீட்சை நெருங்கியதும் அப்பாடவேளையைக் கணித ஆசிரியர் இரவல் வாங்கிக்கொள்வார். இரவல் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

இந்நிலையில், மீதமுள்ள நேரத்தைப் பிள்ளை எங்கே பெறுவது என்று நூல் கூறவேண்டும். யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடையோடு துவிச்சக்கரவண்டியிற் செல்லும் பெண்பிள்ளைகளைக் காணாதார் இலர். வீட்டிலிருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றராயின், போக்கும் வரவுமாக ஏறத்தாழ அரைமணிநேர உடலியக்கம், தேவையிற் பாதி. இதனை உடற்பயிற்சியாக எவரும் எண்ணுவதில்லை. பருவமெய்தியபின் விளையாட்டு முற்றத்தை விட்டு விலகும் பெண்பிள்ளைகளுக்கு எஞ்சியிருந்த இயக்கம் அத்துவிச்சக்கரவண்டி ஒன்றே. இன்று மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையும் பாடசாலை வானும் அதனையும் கவர்ந்துகொண்டு வருகின்றன. கவர்ந்தது இன்னதென்று அறியவும் ஒரு பாடம் வேண்டும்.

கிளித்தட்டையும் இவ்விடத்தே நினைக்கத் தோன்றுகின்றது. தாச்சி எனவும் வழங்கும் இவ்விளையாட்டைப் பண்பாட்டுப் பெருமைக்காகப் பேசுவோர் பலர். யான் எண்கணக்கிற்காகப் பேசுகின்றேன். பந்தில்லை, வலையில்லை, செலவில்லை. சாம்பலால் அல்லது தண்ணீரால் இட்ட கோடு போதும். கோட்டைக் காப்போரும் கடப்போரும் ஒருசேர இயங்குகின்றனர். முற்றத்தில் இரண்டு மூன்று தட்டுக்கள் கீறினால் வகுப்பு முழுவதும் வியர்க்கும். வேகமாக ஓடல், சடுதியில் நிற்றல், திசை மாற்றல் என உடற்றகைமைக் கூறுகளுக்கு நூல் தேடும் உதாரணங்கள் யாவும் அங்குள.

இவ்விரு பகுதிகளும் ஒன்றையொன்று அறியாதிருத்தலே எல்லாவற்றிலும் பெருங்குறை. தலைப்பிலுள்ள உம்மைகளின் பொருள் எங்கே விளங்கவேண்டும்? சோற்றிலிருந்து வரும் குளுக்கோசு குருதியினின்று தசைக்குட் செல்ல இன்சுலின் வேண்டும். தசை இயங்கும்போதோ, இன்சுலினை அவ்வளவாக எதிர்பாராமலே குளுக்கோசை அது தன்னுட் கவர்ந்துகொள்கின்றது. வீட்டுக்கொரு நீரிழிவு நோயாளர் உள்ளாரோ என ஐயுறும்படி அந்நோய் பெருகிய சமூகத்தில், உணவும் ஓட்டமும் சந்திக்கும் இடம் இதுவே. தாத்தா ஏன் மாலையில் நடக்கின்றார் என்பதை ஒன்பதாந்தரப் பிள்ளை இவ்வொரு செய்தியால் அறிந்துகொள்வான். இதற்குப் பதிலாக, உண்ட கலோரியை ஓடிக் கழித்தல் என்னும் கடன்கணக்காக இவ்வுறவைக் காட்டுவாரும் உளர். அது தீங்கு பயக்கும். உண்டதற்குத் தண்டனையாக ஓட்டத்தை எண்ணும் பிள்ளை, இரண்டையும் வெறுக்கும். மெலியவேண்டுமென உணவைத் துறக்கும் பெண்பிள்ளைகளை நாம் வகுப்பிற் கண்டிருக்கின்றோம்.

இன்னொன்று. நூல் யாரிடம் பேசுகின்றது? பாலும் முட்டையும் மீனும் பழமும் நாள்தோறும் உண்க எனப் பிள்ளையிடம் கூறுகின்றது. சந்தைக்குச் செல்பவன் பிள்ளையல்லன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், பால்மாவும் முட்டையும் மீனும் பல வீடுகளின் கைக்கெட்டாது போயின. அவ்வாண்டிலும் அதே பட்டியலை வகுப்பில் வாசித்தோம். கேட்டிருந்த பிள்ளைகளின் முகங்களை ஆசிரியர் யாவரும் அறிவர். எட்டாத பொருளைக் கூறுமிடத்து அதற்கீடான எளிய பொருளையும் கூறாத பாடம், பிள்ளையைத் தன் தாய்தந்தையர்பாற் குறைகாணச் செய்கின்றது. நெத்தலிக் கருவாடு, கௌபி, பயறு, முருங்கையிலை என்பன அவ்வீட்டிற் கிடைக்கும். எதற்கு எது ஈடு, எவ்வளவு ஈடு என்னும் அட்டவணை ஒருபக்கம் போதும்.

எல்லாம் தனிமனிதன் தெரிவிலே உள்ளது என்னும் கருத்தும் அரையுண்மையே. தென்மேற்கு ஈரவலயத்திற் கண்டக்கழலை குறைந்தது, அங்குள்ளோர் யாவரும் அயடீனைப் பற்றிப் படித்துத் தம் உணவைத் தெரிந்தெடுத்ததனாலன்று. உப்பில் அயடீன் சேர்க்கவேண்டும் என 1995இல் விதி வந்தமையே முதற்காரணம். உணவிலே அரசும் சந்தையும் சட்டமும் கலந்துள்ளன என்பதை மேல்வகுப்பு மாணாக்கர் அறியாதிருத்தல் தகாது. நாளை அவ்விதிகளை ஆக்குவோரும் காப்போரும் அவர்களே.

க.பொ.த. சாதாரண தரத்தில் இப்பாடம் விருப்பத்திற்குரியவற்றுள் ஒன்று. ஆகவே பலருக்கு ஒன்பதாந் தரத்தோடு போசணைக் கல்வி முற்றுப்பெறுகின்றது. பதினான்கு வயதிற்குள் சொல்லவேண்டிய யாவற்றையும் சொல்லியாகவேண்டும் என்பதனால், எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் தெரிவு கடுமையாகின்றது. வினாத்தாள் மாறாமல் நூல் மாறாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நூலை எழுதுவோரிலும் வினாவைத் தொடுப்போரே பாடத்தை ஆள்கின்றனர். எங்கள் வகுப்பறைத் தவணைப் பரீட்சையிற் கேட்கத்தக்க வினாவொன்றை இவ்வாறு அமைக்கலாம்: "பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் மதிய உணவு புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, உண்டவுடன் ஒரு குவளை சாயத்தேநீர். இவ்வுணவிற் புரதம் எவற்றிலிருந்து, ஏன் நிறைவாகக் கிடைக்கின்றது? இரும்பின் உறிஞ்சலைக் கூட்டப் பணம் செலவின்றி அவள் செய்யத்தக்க மாற்றங்கள் இரண்டு கூறுக. அவள் பாடசாலைக்குத் துவிச்சக்கரவண்டியிற் சென்று வர 25 நிமிடமாயின், அந்நாளில் இன்னும் எத்தனை நிமிட உடலியக்கம் வேண்டும்?" இதற்கு விடை எழுத ஒரு பட்டியலை மனனஞ் செய்தல் உதவாது. விடையைத் திருத்துவதற்கு ஆசிரியர்க்கும் சிறிது நேரம் கூடுதலாகச் செல்லும்.